கால் முறிந்தவருக்கு முதல் ஆறு மணி நேரம்

மொபட்டில் போகிறவர்மேல் கார் உரசினாலும் முதலில் அடி வாங்குவது முழங்காலுக்குக் கீழே இருக்கும் பெரிய எலும்புதான். முன்பக்கம் அதன்மேல் தோலைத் தவிர ஒன்றும் கிடையாது. அதனால் முறிந்த முனை சட்டென்று தோலைக் கிழித்து வெளியே வந்துவிடும்.

108-க்குப் பேசும்போது ஊர்ப் பெயரோடு நிறுத்தாதீர்கள். சேலம் – கோவை பைபாஸ் மாதிரி நடுவில் தடுப்பு உள்ள ரோட்டில், சேலம் போகும் பக்கமா, கோவை போகும் பக்கமா என்று கட்டாயம் சொல்லுங்கள். இல்லையென்றால் வண்டி எதிர்ப்பக்கம் வந்து, அடுத்த பாலம் வரை போய்த் திரும்ப வேண்டியிருக்கும்.

ரத்தம் வரும் இடத்தில் சுத்தமான துண்டை நாலாக மடித்து வைத்து, உள்ளங்கையால் 10 நிமிடம் அழுத்திப் பிடிக்க வேண்டும். நின்றுவிட்டதா என்று நடுவில் எடுத்துப் பார்க்கக் கூடாது. துணி நனைந்தால் அதற்கு மேலேயே இன்னொன்றை வையுங்கள். எலும்பு முனை தெரிந்தால் அதன்மேல் அழுத்தாமல் சுற்றிலும் அழுத்துங்கள். உள்ளே தள்ளவே கூடாது. மஞ்சள்தூள், காப்பித்தூள் எதுவும் வேண்டாம். ஆபரேஷன் தியேட்டரில் அத்தனையும் சுரண்டி எடுக்க வேண்டிவரும்.

அடிபட்டவர் பெண் என்றால் கொலுசையும் மெட்டியையும் உடனே கழற்றிவிடுங்கள். ஒரு மணி நேரம் போனால் வீக்கத்தில் மெட்டி விரலுக்குள் புதைந்துகொள்ளும், பிறகு வெட்டித்தான் எடுக்க முடியும். கால் ஆடாமலிருக்க, தொடையிலிருந்து குதிகால் தாண்டும் நீளத்துக்கு ஒரு கெட்டி அட்டைப்பெட்டியைப் பிரித்து மடக்கிக் கட்டுங்கள். காயத்தின் மேலும் முறிவின் மேலும் முடிச்சு விழக் கூடாது, விரல்கள் வெளியே தெரிய வேண்டும். தண்ணீர், சோடா, டீ எதுவும் தராதீர்கள். மயக்க மருந்து கொடுக்கும்போது வாந்தி நுரையீரலுக்குள் போனால் உயிருக்கே ஆபத்து.

பணம் புரட்டுவதற்காக நேரத்தைக் கடத்த வேண்டாம். 2021 டிசம்பரில் தமிழக அரசு தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டத்தில், அந்தத் திட்டத்தின் பட்டியலில் உள்ள மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேர சிகிச்சை இலவசம். காப்பீட்டு அட்டை இல்லாதவருக்கும் உண்டு. கொண்டுபோய்ச் சேர்த்தவர் பெயர் சொல்ல விருப்பமில்லை என்றால் கட்டாயப்படுத்தக் கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டம் 134ஏ பிரிவின் கீழ் வந்த விதிகள் சொல்கின்றன.

தோல் கிழிந்த முறிவுக்கு, அதாவது திறந்த முறிவுக்கு, ஆன்டிபயாடிக் ஊசி ஒரு மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும், கூடவே டெட்டனஸ் வராமலிருக்க டிடி ஊசி. பிறகு தியேட்டரில் காயத்தைக் கழுவி, செத்த சதையை வெட்டி எடுத்து, காயத்தைப் பொறுத்துப் பல சமயம் முதலில் வெளிப்பக்கம் கம்பி மாட்டுவார்கள். காயம் சுத்தமானதும் எலும்புக்குள் ராடு.

இதில் ஏமாந்துவிடுகிற இடம் ஒன்று இருக்கிறது. மாவுக்கட்டு போட்டாயிற்று, எக்ஸ்ரே நன்றாக இருக்கிறது, ஆனால் வலி மட்டும் ஏறிக்கொண்டே போகிறது. கெண்டைச் சதை கெட்டியான உறைகளுக்குள் அடைபட்டிருப்பது. உள்ளே வீங்கினால் விரிய இடமில்லை, அழுத்தம் ஏறி ரத்தம் புகாமல் போகும். சுமார் ஆறு மணி நேரத்தில் சதை சாகத் தொடங்கும். கால் பெருவிரலை மெதுவாக மேலே தூக்கிப் பாருங்கள். வலிக்கு ஊசி போட்டும் அவர் துடித்தால், பெருவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் இடையே மரத்துப்போயிருந்தால், உடனே டாக்டரைக் கூப்பிடுங்கள். மாவுக்கட்டைத் தோல் தெரியும் வரை பிரிக்கச் சொல்லுங்கள். காலைத் தலையணைமேல் உயர்த்தாமல் நெஞ்சு மட்டத்தில் வையுங்கள். அப்போதும் குறையாவிட்டால் உறையைக் கீறி அழுத்தத்தை இறக்க வேண்டும். 'நாடி துடிக்கிறது, விரல் சிவப்பாக இருக்கிறது' என்று ஆறுதல் கொள்ளாதீர்கள். சதை செத்துக்கொண்டிருக்கும்போதும் நாடி துடிக்கும்.

நம்ம பக்கம் மூங்கில் தப்பை வைத்து நாட்டுக்கட்டு போடக் கூட்டிப்போகும் வழக்கம் உண்டு. தோல் கிழிந்த முறிவுக்கும், வீங்கிக்கொண்டிருக்கிற காலுக்கும் அது கூடவே கூடாது. இறுக்கிய தப்பைக்குள் நடப்பதும் இதே அழுத்தம்தான்; கால் கறுத்த பின் கொண்டுவந்தால் எடுப்பதைத் தவிர வழியிருக்காது.

திறந்த முறிவில் எலும்பு ஒன்றுசேர நாலு முதல் ஆறு மாதம், சிலருக்கு அதற்கு மேலும் ஆகும். பீடி, சிகரெட் எலும்பு கூடுவதைத் தள்ளிப்போடும். ஆபரேஷனுக்கு அடுத்த நாளே, டாக்டரைக் கேட்டுக்கொண்டு, முழங்காலை மடக்கி நீட்டத் தொடங்குங்கள். படுத்தே இருந்தால் மூட்டு இறுகிவிடும். கால் ஊன்றலாம் என்று சொல்லி ஒற்றைக் கைத்தடிக்கு வந்ததும், தடியை அடிபட்ட காலின் பக்கம் பிடிக்காதீர்கள். நல்ல காலின் பக்கத்துக் கையில் பிடித்து, முறிந்த காலோடு சேர்த்து முன்னே வையுங்கள்.