கொழும்பு மழைக்குப் பொலித்தீன் கூடாரம்: ஒக்டோபர் முதல் மார்ச் வரை காய்கறி

குளிர்நாட்டில் கூடாரம் போடுகிறவருக்குச் சூட்டைப் பிடித்து வைப்பதுதான் பாடு. கொழும்பில் மார்கழி விடியற்காலையில்கூட வெப்பநிலை 22 பாகை அளவில் நிற்கும். இங்கே செடியைக் கெடுப்பது மழை. ஒக்டோபர், நவம்பர் இரண்டு மாதத்தில் மட்டும் சராசரியாக 600 மில்லிமீற்றருக்கு மேல் பெய்கிறது. மிளகாய்ப் பூ கொட்டும், தக்காளி இலை கருகும், சலாது இலையில் மண் தெறித்து அழுகும். எனவே நமக்குத் தேவை ஒரு குடைதான். மேலே மூடியிருக்கவேண்டும், பக்கங்கள் திறந்திருக்கவேண்டும். இணையத்தில் பார்த்த படத்தைப்போல நான்கு பக்கமும் பொலித்தீனால் அடைத்தால், மழை விட்டு வெயில் எறித்த ஒரே மணித்தியாலத்தில் உள்ளே செடி வெந்துவிடும்.

கூடாரம்

வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, தெஹிவளைப் பக்கத்து மொட்டைமாடிகளுக்கு 3 மீற்றர் அகலம், 6 மீற்றர் நீளம் போதும். பக்கத்துத் தூண் 2.2 மீற்றர், நடு முகடு 3 மீற்றருக்குக் கொஞ்சம் மேலே. கூரைச் சரிவு 25 முதல் 30 பாகை வரை இருக்கட்டும். அரைவட்டமாக வளைத்த கூரை பார்க்க அழகு, ஆனால் உச்சி தட்டையாக இருப்பதால் மழைநீர் தங்கும். ஒரு சதுர மீற்றரில் 1 செ.மீ. தண்ணீர் தேங்கினால் 10 கிலோ பாரம். பொலித்தீன் இழுபட்டுக் குழி ஆழமாகும், குழி ஆழமாக இன்னும் தண்ணீர் சேரும், கடைசியில் கிழியும். இதைத் தவிர்க்கக் குறுக்குக் கம்பிகளை ஒரு மீற்றருக்கு ஒன்றாவது வையுங்கள். கூரைப் பொலித்தீன் இரு பக்கமும் 45 செ.மீ. வெளியே நீண்டு நிற்கவேண்டும், சாய்ந்து அடிக்கும் மழைக்காக.

முகட்டில் இரண்டு சரிவும் ஒன்றோடொன்று முட்டக்கூடாது. ஒரு சரிவை 30 செ.மீ. உயர்த்தி, மற்றதன் மேல் 45 செ.மீ. கவிந்து நிற்கும்படி கட்டினால் இடையில் ஒரு நீளமான வாய் கிடைக்கும். சூடான காற்று அதன் வழியே போய்விடும். மே முதல் செப்டெம்பர் வரை அடிக்கும் தென்மேற்குக் காற்றுக்கு அந்த வாய் முதுகைக் காட்டி நிற்கவேண்டும். மேசன் இதை வீண் செலவு என்பார். விடாதீர்கள், இந்த வாய் இல்லாத கூடாரம் கொழும்பில் உதவாது.

கம்பிக்குக் கல்வனைஸ் பண்ணிய ஜிஐ குழாய். கடற்கரைப் பக்கம் வெல்டிங் செய்த இடங்கள்தான் முதலில் துருப்பிடிக்கும், அவற்றுக்கு மட்டும் சிங்க் பெயின்ட் இரண்டு தடவை பூசுங்கள். மாடித் தளத்தில் துளை போட வேண்டாம், ஒழுக்கு அங்கிருந்துதான் தொடங்கும். 18 லீற்றர் பெயின்ட் வாளியில் தூணை நிறுத்திக் கொங்கிறீட் ஊற்றினால் ஒன்று 40 கிலோ வரும். அதுவும் போதாது: தூண்களின் அடியைக் குறுக்குக் குழாயால் இணைத்து, வளர்ப்புப் பைகளை அதன் மேல் அடுக்கினால் செடியின் பாரமே கூடாரத்தைப் பிடித்துக்கொள்ளும். மூலைகளிலிருந்து பாராபெட் சுவருக்கு நைலோன் கயிறும் வேண்டும்.

பொலித்தீன் 200 மைக்ரோன், வெயிலின் புற ஊதாக் கதிரை (யூவீ) தாங்கும் வகை. புறக்கோட்டையில் சாதாரணப் பொலித்தீன் மலிவாகக் கிடைக்கும், ஆனால் சில மாதத்தில் பொடிப்பொடியாகும். யூவீ வகை மூன்று நான்கு வருடம் தாங்கும். அதிலும் கிழிவது வெயிலில் சுடும் கம்பி தொடுகிற இடத்தில்தான். அந்த இடங்களில் கம்பிக்கு வெள்ளைப் பெயின்ட் அடியுங்கள், அல்லது வெள்ளைத் துணி சுற்றுங்கள். பிவிசி குழாய் நேரடியாகப் பட்டாலும் பொலித்தீன் சீக்கிரம் இற்றுப்போகும். இழுத்துக் கட்டுவதை நல்ல வெயில் நேரத்தில் செய்யுங்கள். சூட்டில் விரிந்த பொலித்தீன் மாலையில் சுருங்கி மேளத்தோல்போல் இறுகும். காலையில் கட்டினால் மத்தியானம் தொய்யும், அன்று பின்னேரம் பெய்கிற மழை அந்தத் தொய்வில் நிற்கும்.

பக்கங்களுக்கு என்ன வலை என்பதில் பலருக்குக் குழப்பம். வெள்ளை ஈயைத் தடுக்க 50 மெஷ், அதாவது ஒரு அங்குலத்துக்கு 50 கண் உள்ள வலை வேண்டும். ஆனால் அவ்வளவு நெருக்கமான வலை காற்றையும் நிறுத்திவிடும், கடற்காற்று இல்லாத தொடர்மாடி இடுக்குகளில் உள்ளே நிற்கவே முடியாது. நெருக்கமான வலையை நாற்றுப் பெட்டிக்கு மட்டும் போடுங்கள். முதல் நான்கு வாரம் செடியை வெள்ளை ஈ பரப்பும் வைரஸிலிருந்து காப்பாற்றினால் பாதிப் போர் வென்றாயிற்று. பெரிய கூடாரத்துக்கு அணிலும் காகமும் நுழையாத சாதாரண வலை போதும்.

தளத்தின் பாரமும் தண்ணீரும்

12 லீற்றர் பை ஈரமாக 10 கிலோ இருக்கும். 40 பையைப் பரப்பி வைத்தால் பிரச்சினை இல்லை. 200 லீற்றர் தண்ணீர்ப் பீப்பாவை மட்டும் கட்டடத்தின் தூண் அல்லது வளைக்கு (பீம்) நேர் மேலே வையுங்கள், தளத்தின் நடுவில் அல்ல.

18 சதுர மீற்றர்க் கூரையில் 100 மில்லிமீற்றர் மழை விழுந்தால் 1800 லீற்றர் தண்ணீர். பீலியை மீற்றருக்கு 1 செ.மீ. சரிவு கொடுத்துப் பொருத்தி, பீப்பா நிரம்பிய பின் வழியும் தண்ணீருக்குத் தனிக்குழாய் விடவேண்டும். இல்லாவிட்டால் அது கீழ்வீட்டுச் சுவரில் இறங்கும், பிறகு சண்டைதான்.

நுளம்பு விஷயத்தில் அலட்சியம் கூடாது. முட்டையிலிருந்து நுளம்பாகப் பறக்க ஏழு எட்டு நாள் போதும். பைகளுக்கு அடியில் தட்டு வைக்கவேண்டாம். பீப்பா வாயை வலையால் இறுக்கிக் கட்டுங்கள். வாரம் ஒரு தடவை பீலியில் சேர்ந்த சருகை அள்ளுங்கள். தொய்ந்த பொலித்தீன் மடிப்பில் நிற்கும் ஒரு கோப்பைத் தண்ணீரே போதும். நுளம்பு பெருகுவதைத் தடுக்கும் 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டப்படி வழக்குப் போடலாம், பொதுச் சுகாதாரப் பரிசோதகர் மொட்டைமாடிக்கும் ஏறிவருவார்.

பைக்குள் என்ன

தோட்டத்து மண்ணைக் கொண்டுவராதீர்கள். தக்காளி, கத்தரி, மிளகாய் மூன்றையும் பச்சையாக வாடவைக்கும் பக்டீரியா அதில் இருக்கக்கூடும். தும்புத்தூள் 5 பங்கு, கூட்டெரு 3 பங்கு, உமிக்கரி 2 பங்கு. தும்புத்தூளை மூன்று தடவை ஊறவைத்துப் பிழிந்து, கடைசித் தண்ணீர் தேத்தண்ணி நிறம் மாறி வெளிறும்வரை கழுவவேண்டும், உப்பும் சாயமும் போக. 10 லீற்றர்க் கலவைக்கு 20 கிராம் டொலமைட் சுண்ணாம்புத்தூள். பையின் அடியிலும், அடியிலிருந்து 3 செ.மீ. உயரத்தில் சுற்றிவரவும் துளைகள். பையைத் தளத்தில் நேரே வைக்காமல் இரண்டு செங்கல்லின்மேல் வையுங்கள்.

உரத்துக்கு அல்பேர்ட் கரைசல் எங்கும் கிடைக்கும், தண்ணீரில் கரைத்து ஊற்றும் தூள் உரம் அது. நாற்றுக்கு லீற்றருக்கு 1 கிராம், வேர் பிடித்த செடிக்கு 2 கிராம். வாரத்தில் ஒரு நாள் வெறும் தண்ணீரை அடியால் வடியும்வரை ஊற்றிச் சேர்ந்த உப்பைக் கழுவிவிடுங்கள்.

எதை எப்போது போடுவது

செப்டெம்பர் கடைசியில் கூரையைச் சவர்க்காரத் தண்ணீரும் மெல்லிய துணியும் கொண்டு கழுவுங்கள். வாகனப் புகையும் பச்சைப் பாசியும் படிந்த பொலித்தீன் வெளிச்சத்தைத் தின்னும். முகில் மூடிய நவம்பரில் செடிக்குக் குறைவது அதுதான். மார்ச் வெயிலுக்குக் கட்டிய நிழல் வலை இன்னும் மேலே கிடந்தால் இப்போதே இறக்குங்கள்.

கறிமிளகாயும் மிளகாயும் செப்டெம்பர் முதல் வாரத்தில் நாற்றுமேடைக்குப் போகட்டும், ஒக்டோபர் நடுவில் பைக்கு மாற்றலாம். கறிமிளகாயில் ஹங்கேரியன் யெல்லோ வாக்ஸ், சீஏ-8 இரண்டும் பழகிய வகைகள். தக்காளிக்கு அவசரப்படவேண்டாம். இரவு 24, 25 பாகைக்கு மேல் இருந்தால் பூ கொட்டும், காய் பிடிக்காது. ஒக்டோபர் நடுவில் விதைத்தால் நவம்பர் முதல் கிழமைகளில் நாற்று மாறும், பூ டிசம்பரில் வரும். கொழும்பின் குளிர்ந்த இரவுகள் அங்கிருந்து பெப்ரவரி வரைதான். அந்தக் காலத்தைத் தவறவிட்டால் இலைதான் மிச்சம். வாடல் நோய் முன்பு வந்த இடமானால் கத்தரி வேரில் ஒட்டிய தக்காளி நாற்றுத் தேடுங்கள்.

சலாது விதை 30 பாகைக்கு மேல் முளைக்க மறுக்கும். ஈரத் துணியில் மடித்துப் பிரிட்ஜில் இரண்டு நாள் வைத்து எடுத்து விதையுங்கள். நட்டு 30, 35 நாளில் வெட்டிவிடவேண்டும், நடுத்தண்டு நீளத் தொடங்கினால் கசக்கும். வெள்ளரியில் மகரந்தம் இல்லாமலே காய்க்கும் சலாது வெள்ளரி வகையை வாங்குங்கள். பாகல், புடோல் போட்டால் வலைக்குள் வண்டு வருவது குறைவு, விடிய ஆண்பூவைப் பறித்துப் பெண்பூவில் நீங்கள்தான் தடவவேண்டும். வல்லாரை, கங்குன், பொன்னாங்காணிக்குக் கூடாரமே வேண்டாம், மழையில் விடுங்கள்.

மழைக்காலத்தில் வரிசைக்கு வரிசை 75 செ.மீ., செடிக்குச் செடி 50 செ.மீ. இடைவெளி விடுங்கள். தக்காளியை ஒற்றைத் தண்டாகக் கயிற்றில் ஏற்றி, அடி 30 செ.மீ. இலைகளைக் கிள்ளிவிடுங்கள். மிளகாயில் முதல் கவட்டுக்குக் கீழே உள்ள தளிர் எல்லாம் போகட்டும்.

தண்ணீர், பூ, காய்

வெளியே மழை கொட்டும்போது கூரைக்குள் செடி தாகத்தில் வாடுவதும் உண்டு. மழைதானே என்று இரண்டு நாள் மேலே ஏறாமல் விட்டால் அப்படி ஆகும். இன்னும் அதிகமாக நடப்பது, முகில் நாளிலும் வெயில் நாள் அளவை ஊற்றி வேரை அழுகவைப்பது. காய்க்கும் செடிக்கு வெயில் நாளில் ஒரு லீற்றருக்கு மேல் போகலாம், மூடிய நாளில் அதில் பாதியும் வேண்டாம். காலையில் பையை ஒரு கையால் சரித்துப் பாருங்கள். கனமாக இருந்தால் விட்டுவிடுங்கள், இலகுவாகச் சரிந்தால் ஒன்பது மணிக்கு முன் அடியில் ஊற்றுங்கள். மாலையில் ஊற்றவே கூடாது.

ஈரம் நிறைந்த காற்றில் மகரந்தம் கட்டிபட்டு விழாது. ஒரு நாள் விட்டு ஒரு நாள், காலை 9 முதல் 11 மணிக்குள், தக்காளிக் கயிற்றை விரலால் சுண்டிவிடுங்கள். காயின் அடி கறுத்துக் குழிந்தால் உரம் போதவில்லை என்று மேலும் கொட்டவேண்டாம். காற்று அசையாத ஈரத்தில் இலை நீரை வெளிவிடாது, நீர் ஓடாவிட்டால் கல்சியமும் காய்க்குப் போகாது. பக்க வலையைச் சுருட்டிக் காற்று விடுவதும், தண்ணீரை ஒரே சீராகக் கொடுப்பதும்தான் மருந்து.

வரும் நோய்கள்

மழை படாத இலையில் கருகல் குறையும், ஆனால் மழை கழுவாத இலையில் பேனும் சிற்றுண்ணியும் பெருகும். மிளகாய்க் குருத்தைப் பாருங்கள். இலை மேல்நோக்கிப் படகுபோல் சுருண்டால் இலைப்பேன். கீழ்நோக்கிக் குவிந்து, அடிப்பக்கம் பித்தளை நிறத்தில் மினுங்கினால் மஞ்சள் சிற்றுண்ணி. வெறும் கண்ணுக்குத் தெரியாது, பத்து மடங்கு வில்லையில் ஓடுவது தெரியும். பேனுக்கு லீற்றருக்கு 5 மில்லிலீற்றர் வேப்பெண்ணெய், 2 மில்லிலீற்றர் திரவச் சவர்க்காரம், வெயில் தாழ்ந்த பின் இலையின் அடியில் படும்படி. சிற்றுண்ணிக்கு நனையும் கந்தகத்தூள் லீற்றருக்கு 2 கிராம். எண்ணெய் அடித்து இரண்டு கிழமைக்குள் கந்தகம் அடித்தால் இலை எரியும், 32 பாகைக்கு மேலும் அடிக்கக்கூடாது.

செடி பச்சையாகவே மத்தியானம் வாடி இரவில் தேறி, மூன்றாம் நாள் எழும்பாவிட்டால், அடித்தண்டைக் குறுக்கே வெட்டித் தெளிந்த தண்ணீர் உள்ள கண்ணாடிக் கிளாசில் தொங்கவிடுங்கள். சில நிமிடத்தில் வெட்டுவாயிலிருந்து பால்போல் இழை இறங்கினால் அது பக்டீரியா வாடல், மருந்து கிடையாது. பையோடு கட்டி அகற்றி, கத்தியைப் பிளீச் தண்ணீரில் கழுவுங்கள். தக்காளி நுனி மஞ்சளித்து இலை சிறுத்தாலும் அதே தீர்ப்புத்தான், அது வெள்ளை ஈ கொண்டுவந்த வைரஸ். மஞ்சள் ஒட்டுத்தாளைச் செடியின் நுனிக்குச் சற்று மேலே தொங்கவிட்டால் ஈ வந்ததும் தெரியும். அடையாளம் பிடிபடாவிட்டால் விவசாயத் திணைக்களத்தின் 1920 இலக்கத்துக்கு எடுத்துக் கேட்கலாம்.

ஒக்டோபர், நவம்பர் பின்னேர மழை இடியோடு வரும். மின்னல் கண்டதும் இரும்புக் கூடாரத்தை விட்டு இறங்குங்கள், தொய்வில் நிற்கும் தண்ணீரை மழை விட்ட பிறகு துணி சுற்றிய தும்புத்தடியால் தள்ளிவிடலாம்.

மார்ச் பிறந்து மத்தியானம் உள்ளே 35 பாகை தாண்டத் தொடங்கினால் பூ நிற்காது. 50 வீத நிழல் வலையைக் கூரைக்கு வெளியே, பொலித்தீனிலிருந்து ஒரு கை உயரம் தள்ளிக் கட்டி, மிளகாயை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதைப் பிடுங்குங்கள். நோய் வராத பையின் கலவையை ஈரமாக்கி, தெளிந்த பொலித்தீனில் மூடி நான்கு கிழமை வெயிலில் வேகவிட்டால், மூன்றில் ஒரு பங்கு புதுக் கூட்டெரு சேர்த்து அடுத்த செப்டெம்பருக்குப் பாவிக்கலாம். ஆனால் தக்காளி நின்ற பையில் திரும்பவும் தக்காளியோ மிளகாயோ வேண்டாம், சலாதும் பயற்றையும் போடுங்கள்.