மாதிரி ரயில் தண்டவாளம்: துடைப்பதும் காப்பதும்

மாதிரி ரயில் இன்ஜின் தயங்கித் தயங்கி ஓடினாலோ, அதன் விளக்கு விட்டுவிட்டு எரிந்தாலோ, அதற்கு மின்சாரம் வருவது தண்டவாளம் வழியாகவே என்பதால், மோட்டாரைச் சந்தேகிக்கும் முன் தண்டவாளத்தின் மேற்பரப்பை விரலால் தடவிப் பார்க்க வேண்டும். விரலில் ஒட்டும் கறுப்புப் படிவு வெறும் தூசியன்று. சக்கரமும் தண்டவாளமும் தொடும் இடத்தில் எழும் நுண்ணிய மின்பொறிகளால் உலோகம் ஆக்சைடாகி, தூசியோடும் இன்ஜினிலிருந்து கசியும் எண்ணெயோடும் கலந்து உருவாவது அது. பித்தளையைக் காட்டிலும் நிக்கல் சில்வர் தண்டவாளத்தில் இத்தொல்லை குறைவு. பெயரில் வெள்ளி இருந்தாலும் அது செம்பு, நிக்கல், துத்தநாகம் ஆகியவற்றின் கலவையே.

மின்சாரத்தை நிறுத்திவிட்டு, முதலில் மென்மையான தூரிகையால் உலர்ந்த தூசியை அகற்றுங்கள். பிறகு, நூல் பிரியாத பருத்தித் துணியை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் சிறிது நனைத்து, துணி கறுப்பதை நிறுத்தும் வரை இடம் மாற்றி மாற்றித் துடைக்க வேண்டும். இது எளிதில் தீப்பற்றும் திரவம் என்பதால் சன்னல்களைத் திறந்து வைத்து, தண்டவாளம் முழுவதும் உலர்ந்த பின்னரே மின்சாரம் கொடுக்க வேண்டும். அசிட்டோனைத் தொடவே வேண்டாம்; அது தண்டவாளத்தைத் தாங்கும் பிளாஸ்டிக் குறுக்குக் கட்டைகளை (ஸ்லீப்பர்) கரைத்துவிடக்கூடும்.

உப்புத்தாளால் தேய்த்தால் உடனடியாகப் பளபளப்புக் கிடைக்கும் என்பது உண்மைதான். ஆனால் அது விட்டுச்செல்லும் கீறல்களில் அழுக்கு முன்னிலும் விரைவாகத் தங்குவதால், உலர்ந்து இறுகிய பசையையோ பெயிண்டையோ அகற்றுவதற்கு மட்டும், அதுவும் மிக நுண்ணிய தாளை மட்டுமே நான் அனுமதிப்பேன். இரும்புக் கம்பித் தேய்ப்பான் அறவே கூடாது, ஏனெனில் அதன் துகள்களை மோட்டாரின் காந்தம் ஈர்த்துக்கொள்ளும்.

சுத்தமான தண்டவாளத்தைக் காப்பதற்கு, மென்மையான கிராஃபைட் (பென்சில் முனையில் உள்ள கறுப்புப் பொருள்) குச்சியால் அதன் மேற்புறத்தின் உள்விளிம்பை ஒரு முறை லேசாகத் தடவினால் போதும். கடினமான பென்சிலில் களிமண் மிகுதி, ஆகவே அது பயன்படாது. ஆர்வத்தில் அதிகம் பூசினால் ஏற்றத்தில் சக்கரங்கள் வழுக்கும்.

சக்கரங்களை விட்டுவிட்டால் இவ்வளவு உழைப்பும் வீண். ஆல்கஹாலில் நனைத்த காகிதத் துண்டைத் தண்டவாளத்தின் குறுக்கே விரித்து, இன்ஜினின் ஒரு முனைச் சக்கரங்களை அதன்மேலும் மறுமுனைச் சக்கரங்களை வெறும் தண்டவாளத்திலும் நிறுத்தி, இன்ஜினைக் கையால் பிடித்தபடி ஓடவிட்டால் கறுப்புக் கோடுகள் காகிதத்தில் இறங்கும். பிறகு இன்ஜினைத் திருப்பி வைத்து மறுமுனைக்கும் இவ்வாறே செய்யுங்கள். பெட்டிகளின் பிளாஸ்டிக் சக்கரங்களை உலோகச் சக்கரங்களாக மாற்றுவதும் படிவைக் குறைக்கும்.

இத்தனைக்குப் பிறகும் இன்ஜின் ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் நின்றால் காரணம் பெரும்பாலும் அழுக்கன்று, இணைப்பே. ஓடும் ரயிலின் அருகே மல்டிமீட்டரை (மின்னழுத்தம் அளக்கும் கருவி) தண்டவாளத்தில் வைத்துப் பார்க்கையில் வோல்ட் அளவு அங்கு மட்டும் குறைந்தால், தண்டவாளத் துண்டுகளை இணைக்கும் தளர்ந்த தகட்டை நம்பாமல், அந்தத் துண்டுக்குத் தனி மின்கம்பியை ஈயப்பற்றால் இணைத்துவிடுங்கள்.