ஷோனா முறையில் கல் செதுக்குவது எப்படி?

ஜிம்பாப்வேயின் ஷோனா சிற்பிகளில் பெரும்பாலோர் களிமண் மாதிரியோ அளவு வரைபடமோ வைத்துக்கொள்வதில்லை. கல்லின் வடிவமும் நிறமும் வெடிப்பும் எந்த உருவத்துக்கு இடம் தருகின்றனவோ அதையே வெளியே கொண்டுவருகிறார்கள். மகா ஜிம்பாப்வே என்னும் பழைய கல் நகரத்தின் மாக்கல் பறவைகள் பல நூற்றாண்டுகள் பழமையானவை என்றாலும், இன்று நாம் காணும் பாணி, 1957-இல் இன்றைய ஹராரேயில் திறக்கப்பட்ட தேசியக் கலைக்கூடத்தைச் சுற்றியும், 1966-இல் தொடங்கிய தெங்கெனெங்கே சிற்பியர் குடியிருப்பிலும் வளர்ந்தது.

பழகுபவர் செர்பெண்டைன் என்னும் கல்லின் மென்மையான வகையில் தொடங்குவது நல்லது. அதிலேயே கருமையும் உறுதியும் கொண்ட ஸ்பிரிங்ஸ்டோன் என்னும் வகை கை பழகிய பிறகே வசப்படும். கல்லைச் சுத்தியலால் மெல்லத் தட்டிப் பாருங்கள்: கணீரென்று ஒலித்தால் உள்ளே பழுதில்லை, மந்தமாக ஒலித்தால் வெடிப்பு இருக்கக்கூடும். நீர் தெளித்தால் மெருகேறிய பின் வரப்போகும் நிறமும், சில சமயம் மயிரிழை வெடிப்புகளும் தெரியும். சில செர்பெண்டைன் கற்களில் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) இழைகள் இருப்பதால், நுண்தூசியைத் தடுக்கும் முகக்கவசம் இல்லாமல் வேலையைத் தொடங்கவே கூடாது.

கூர்முனை உளியைச் சாய்த்துப் பிடித்து, உருவத்துக்கு வேண்டாத பகுதிகளை முதலில் நீக்குங்கள். உளியை நேர்க்குத்தாக வைத்து அடித்தால் கல்லுக்குள் காயம் இறங்கி, எவ்வளவு தேய்த்தாலும் மறையாத வெண்புள்ளியாக நிற்கும்; முகத்தின் நடுவே அப்படி ஒரு புள்ளி விழுந்தால் சிற்பமே வீணாகும். பட்டை உளியாலும் அரத்தாலும் வளைவுகளைச் சீராக்கும்போது, கல்லின் துருநிற மேல்தோலை ஓரிடத்திலாவது விட்டுவையுங்கள். தலைமுடியாகவோ ஆடையாகவோ நிற்கும் அந்தச் சொரசொரப்புதான் மெருகேறிய முகத்தை எடுத்துக்காட்டும் என்பதால், முழுவதையும் வழவழப்பாக்குவதை நான் ஏற்கமாட்டேன்.

பொறுமை மிகவும் தேவைப்படுவது உப்புத்தாள் வேலையில்தான். தண்ணீர் விட்டு 120-ஆம் எண் தாளில் தொடங்கி, 220, 400, 600 என்று ஏறி, 1000-க்கு மேல் வரை தேய்க்க வேண்டும். முந்தைய தாளின் கீறல் ஒன்றுகூட மிஞ்சாதபோதுதான் அடுத்த தாளை எடுக்கலாம். ஈரத்தில் ஒளிந்துகொள்ளும் கீறல்கள் உலர்ந்ததும் தெரியும் என்பதால், ஒவ்வொரு கட்டத்திலும் கல்லைக் காயவிட்டு, வெளிச்சத்தில் சாய்த்துப் பார்ப்பது அவசியம்.

நன்றாக உலர்ந்த சிற்பத்தை நெருப்பருகே வைத்தோ வாயு விளக்கின் சுடரை ஓரிடத்தில் நிறுத்தாமல் நகர்த்தியோ சீராகச் சூடாக்குங்கள். ஒரு பக்கம் மட்டும் சூடேறினால் கல் பிளந்துவிடும். மெழுகு பட்டவுடன் உருகும் சூடு வந்ததும், மெருகேற்றிய பகுதிகளில் மட்டும் நிறமற்ற மெழுகை மெல்லிய பூச்சாகத் தடவுங்கள். சாம்பல் நிறக் கல் அப்போதே கறுத்து ஆழ்ந்த நிறம் பெறும். தானாக ஆறிய பின் பருத்தித் துணியால் அழுத்தித் துடைக்க வேண்டும். சீக்கிரம் ஆற்றுவதற்காகத் தண்ணீர் ஊற்றக் கூடாது.