பொகோட்டா அருங்காட்சியகங்கள்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

கொலம்பியாவின் தலைநகருக்கு முதன்முறையாக வருபவர்களை அங்குள்ள அருங்காட்சியகங்களுக்கு அழைத்துச் செல்லும் வாய்ப்பு எனக்கு அடிக்கடி அமைகிறது. தொடக்கத்தில் நான் செய்த பிழைகளையே அவர்களும் செய்வதைப் பார்த்ததனால் இதை எழுதுகிறேன். கைப்பையைக் கவனிப்பது, நடப்பதற்கேற்ற காலணி அணிவது போன்றவை எல்லோருக்கும் தெரிந்தவை, அவற்றை விட்டுவிடுகிறேன்.

வந்திறங்கிய அன்றே கிளம்புவது

நகரம் ஏறத்தாழ 2,600 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அந்த உயரத்துக்கு உடல் பழக, முதல் நாள் ஓய்வெடுங்கள்.

நேராகத் தெப்பத்திடம் ஓடுவது

பயணத்தின் பயனையே பறித்துவிடும் தவறு இதுதான். இன்றும் இதைக் கண்டால் எனக்கு எரிச்சல் வருகிறது.

தங்க அருங்காட்சியகத்தைக் கொலம்பியாவின் மத்திய வங்கி நடத்துகிறது. கோக்கா இலையுடன் சேர்த்து மெல்லும் சுண்ணாம்பை வைப்பதற்கான கிம்பாயா என்னும் பழங்குடியினரின் குடுவையொன்றை 1939இல் அவ்வங்கி வாங்கியதிலிருந்து இத்தொகுப்பின் வரலாறு தொடங்குகிறது. ஆனால் வருபவர்களில் பலர் கேட்பது மூன்றாம் தளத்திலுள்ள முயிஸ்கா தெப்பத்தை, அதாவது இம்மேட்டுநிலத்தின் முயிஸ்கா பழங்குடியினர் பொன் கலவையில் வார்த்த தெப்ப உருவத்தை மட்டுமே. 1969இல் பாஸ்கா என்னும் ஊரையடுத்த ஒரு குகையில், மண்பாண்டத்துக்குள் உழவர்கள் கண்டெடுத்த பொருள் அது. பொற்பொடி பூசிய புதிய தலைவன் தெப்பமேறி ஏரியின் நடுவே சென்று பொன்னையும் மரகதத்தையும் காணிக்கையிட்ட சடங்கை அது காட்டுவதாகக் கருதப்படுகிறது. நீளம் 19.5 சென்டிமீட்டர்தான். எல் டொராடோ என்னும் பொன்னுலகக் கதைகளைக் கேட்டுவிட்டுப் பெரிதாக எதையோ எதிர்பார்த்து வருபவர்கள், ஒரு படம் எடுத்துக்கொண்டு, "இவ்வளவு சிறியதா?" என்று கேட்டபடி இறங்கிவிடுகிறார்கள்.

அப்படி வந்த ஒருவர், முயிஸ்கா மக்களின் துன்ஹோ என்னும் தட்டையான காணிக்கை உருவங்களைப் பார்த்துவிட்டு, "இவை எத்தனை காரட்? வேலைப்பாடும் சரியில்லையே, ஓரமெல்லாம் பிசிறாக இருக்கிறதே" என்றார். கண் கூர்மையானதுதான், பிசிறுகள் உண்மையிலேயே இருக்கின்றன. ஆனால் கீழே உள்ள உலோக வேலைக் கூடத்தை அவர் தவிர்த்துவிட்டு வந்திருந்ததால், அவற்றைக் குறையென்று எண்ணிவிட்டார். துன்ஹோவை யாரும் அணிவதில்லை. அது தெய்வத்துக்குப் படைக்கப்பட்டு, ஏரியிலோ குகையிலோ மண்ணிலோ போய்ச் சேர்வதற்கென்றே செய்யப்பட்டது. எனவே வார்ப்பிலிருந்து எடுத்த நிலையிலேயே, பெரும்பாலும் மெருகிடாமல் படைத்தார்கள். உருவத்தின் கண்ணும் கையும் கழுத்தணியும் நூலாக உருட்டிய மெழுகை மெழுகுத் தகட்டின்மேல் ஒட்டி உருவாக்கப்பட்டவை. அதன்மேல் களிமண் பூசிச் சுட்டு, மெழுகு உருகி வெளியேறிய வெற்றிடத்தில் உலோகத்தை ஊற்றினார்கள். தெப்பமும் இம்முறையில் வார்க்கப்பட்டதே.

காரட் கணக்கும் இங்கே உதவாது. முயிஸ்காக்கள் பயன்படுத்தியது பெரும்பாலும் தும்பாகா என்னும் பொன்–செம்புக் கலவை. செம்பு சேர்ந்தால் உருகுநிலை குறையும், வார்ப்பு எளிதாகும், நிறமும் சிவக்கும். பொன்னிறமே வேண்டுமென்றால், பொருளைச் சூடாக்கி, மேற்பரப்பில் படியும் செம்பு ஆக்சைடைப் புளிப்புள்ள தாவரச் சாறுகளால் நீக்கிப் பொன்னை மேலே கொண்டுவரும் நுட்பம் பண்டைய கொலம்பியப் பொற்கொல்லர்களிடம் இருந்தது. முயிஸ்காக்களின் மேட்டுநிலத்தில் பொன் குறிப்பிடத்தக்க அளவில் கிடைக்கவும் இல்லை. உப்பும் மரகதமும் பருத்தித் துணியும் கொடுத்து அதைப் பிறரிடமிருந்து பெற்றார்கள். இப்படி அரிதாகக் கிடைத்ததை வார்த்து, பின்னர் நீரிலும் மண்ணிலும் இட்டார்கள் என்பதை உணர்ந்த பிறகு மேலே ஏறிப் பாருங்கள். அந்தச் சிறிய தெப்பத்தின் முன்னால் நிற்பதற்கு அப்போது உங்களுக்கே காரணம் இருக்கும். இந்த வரிசையில் பார்க்க அரைநாள் ஒதுக்க வேண்டும். மதிய உணவுக்கு முன் முடித்துவிடலாம் என்று காலை பதினொரு மணிக்கு நுழைபவர்கள்தான் பெரும்பாலும் நேராக மூன்றாம் தளத்துக்கு ஓடுகிறார்கள்.

விடுமுறை நாளைப் பார்க்காமல் திட்டமிடுவது

தங்க அருங்காட்சியகத்துக்கும் தேசிய அருங்காட்சியகத்துக்கும் திங்கட்கிழமை விடுமுறை. பொத்தேரோ அருங்காட்சியகத்துக்குச் செவ்வாய்க்கிழமை.

தேசிய அருங்காட்சியகத்தில் சுவரைப் பார்க்காமல் விடுவது

1823இல் நிறுவப்பட்ட இவ்வருங்காட்சியகம் 1948 முதல் இயங்கிவரும் கட்டடம், அதற்கு முன் சிறையாக இருந்தது. நடுவில் நிற்கும் காவலர் எல்லாக் கிளைகளையும் கண்காணிக்கும்படி கட்டடக் கலைஞர் தாமஸ் ரீட் வகுத்த சிலுவை வடிவ அமைப்பை இன்றும் தெளிவாகக் காணலாம். காட்சிக்கூடங்களுக்குள் விரைவதற்கு முன், நடுப்பகுதியில் நின்று நான்கு பக்கமும் ஒருமுறை பாருங்கள்.

பொத்தேரோவில் மோனலிசாவோடு திரும்புவது

லா கண்டெலாரியா பகுதியிலுள்ள இந்த அருங்காட்சியகம், கொலம்பிய ஓவியர் ஃபெர்னாண்டோ பொத்தேரோ அளித்த கொடையால் 2000இல் திறக்கப்பட்டது. நுழைவுக் கட்டணம் இல்லை. அவருடைய பருத்த மோனலிசாவின் முன் படமெடுத்துக்கொண்டு கிளம்புபவர்கள், அவர் சேகரித்துக் கொடுத்த மோனே, ரெனுவார், பிக்காசோ ஆகியோரின் படைப்புகள் அதே கட்டடத்தில் இருப்பதை அறியாமலே போய்விடுகிறார்கள். கட்டணம் இல்லாத இடம் என்பதாலேயே குறைந்த நேரம் ஒதுக்குகிறார்கள் என்று நினைக்கிறேன். அது வருத்தம் தருகிறது.

குவாத்தாவித்தா ஏரியை முதலில் பார்ப்பது

காணிக்கைச் சடங்கோடு இணைத்துப் பேசப்படும் இந்த ஏரி நகருக்கு வடகிழக்கே உள்ளது. அருங்காட்சியகம் பார்க்காமல் சென்றால் அது பசுமையான ஒரு நீர்நிலையாக மட்டுமே தோன்றும். காணிக்கைப் பொருள்களைப் பார்த்துவிட்டுச் சென்றால், அவற்றை எடுப்பதற்காக நீரை வடிக்க 16ஆம் நூற்றாண்டில் கரையின் விளிம்பில் வெட்டிய பிளவை நீங்களே தேடத் தொடங்குவீர்கள். மேலேயுள்ள பாதையிலிருந்து அது நன்றாகத் தெரியும்.