டிக்கெட் பணத்துக்குப் பதில் கிரெடிட் கொடுத்துவிட்டார்களா? பயண இன்சூரன்ஸ் கிளெய்ம் செய்யும் முறை

விமான நிறுவனமே பயணத்தை ரத்து செய்தால் கிரெடிட் ஷெல்லுக்கு (பணத்தைத் திருப்பித் தராமல், அடுத்த டிக்கெட்டுக்கு வரவு வைப்பது) அவசரப்பட்டு சம்மதிக்காதீர்கள். பணமா கிரெடிட்டா என்பது பயணியின் விருப்பம், இந்தியாவில் விமானப் போக்குவரத்தை ஒழுங்குபடுத்தும் டி.ஜி.சி.ஏ.வின் விதியே அதுதான். கிரெடிட்டை ஏற்றுவிட்டால், அந்தத் தொகைக்கு இழப்பே இல்லை என்று இன்சூரன்ஸ் நிறுவனம் கழித்துவிடலாம். பலரின் கிளெய்ம் சிக்குவது இங்கேதான்.

நீங்களே ரத்து செய்தால், பாலிசியில் எழுதியுள்ள காரணம் வேண்டும்: மருத்துவமனையில் சேர்ந்தது போல. 40,000 ரூபாய் டிக்கெட்டுக்கு 25,000 கிரெடிட் வந்தால் மீதி 15,000ஐக் கேளுங்கள். பாலிசிப்படி நீங்களே ஏற்க வேண்டிய பங்கு ஏதும் இருந்தால் அது அதில் கழியும். ‘எவ்வளவு கிரெடிட், எவ்வளவு திரும்பாது’ என்று விமான நிறுவனத்திடம் மின்னஞ்சலில் எழுதி வாங்குங்கள். ரசீதும் மருத்துவச் சான்றும் மட்டும் போதாது. கிளெய்மில் முடிவு வரும்வரை கிரெடிட்டைத் தொடாதீர்கள், காலாவதி தேதியை மட்டும் கவனியுங்கள்.

கிளெய்மை மறுத்தால் இன்சூரன்ஸ் நிறுவனத்தின் குறைதீர் அதிகாரிக்கு எழுதுங்கள். ஒரு மாதத்தில் பதில் இல்லையென்றால் இன்சூரன்ஸ் புகார்களை விசாரிக்கும் இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேனிடம் போகலாம், கட்டணம் இல்லை.