எழுத்துத் திரையில் மேலே ஓடிய வரிகளைத் திரும்பப் பார்ப்பது எப்படி?

பழைய கணினியில் லினக்ஸ் போட்டு, மவுஸ் இல்லாமல் வெறும் எழுத்துத் திரையோடு சர்வராக ஓட்டும் கடை திருநெல்வேலி டவுன் ரத வீதியிலும் இருக்கலாம், அம்பாசமுத்திரத்து அரிசி ஆலையிலும் இருக்கலாம். புதிதாக அதன் முன் உட்காருபவருக்கு ஒரே தலைவலிதான்: திரையில் தெரிவது பெரும்பாலும் 25 வரி, பிழைச் செய்தியோ அதற்கு மேலே போய்விட்டது. குறுக்குத்துறைப் படித்துறையில் நின்று பார்க்கும் வெள்ளம் போல, போனது போனதுதான்.

முன்பு ஷிஃப்டையும் பேஜ் அப்பையும் சேர்த்து அழுத்தினால் பழைய வரிகள் வரும். பராமரிக்க ஆளில்லாமல் பிழைகள் சேர்ந்ததால், 2020-இல் வந்த 5.9 கெர்னலில் (லினக்ஸின் மையப் பகுதி) அந்த வசதியை எடுத்துவிட்டார்கள். அதன் அளவைக் கூட்டச் சொல்லும் பழைய குறிப்புகளை இன்று தேடிப் படிப்பது வீண் வேலை. ஓடிய வரிகளைச் சேமித்துவைத்துத் திரும்பக் காட்டும் டிமக்ஸ் (டி, எம், யூ, எக்ஸ்) என்ற நிரல் போதும்.

கட்டளைகளை ஒலிப்பில் தருகிறேன். ஆங்கிலச் சிற்றெழுத்தில் தட்டுங்கள். உங்கள் லினக்ஸ் வகை டெபியன், உபுண்டு என்றால் முதலில் இது (சூடோ என்பது எஸ், யூ, டி, ஓ):

சூடோ ஆப்ட் இன்ஸ்டால் டிமக்ஸ்

பிறகு 'டிமக்ஸ்' என்று தட்டி என்டர் அழுத்துங்கள். அடியில் ஒரு பட்டை தோன்றும். இப்போது சோதனை: 'செக் 1 5000' (எஸ், இ, க்யூ). எண்கள் ஓடி முடிந்ததும் கன்ட்ரோலும் பி-யும் (ஏ-க்கு அடுத்த பி) சேர்த்து அழுத்தி, விரலை எடுத்துவிட்டு, பேஜ் அப் அழுத்துங்கள். இரண்டையும் ஒரே மூச்சில் அழுத்தினால் வேலை செய்யாது. மேலே போகப் போக, வலது மூலையில் எத்தனை வரி பின்னால் போயிருக்கிறீர்கள் என்று தெரியும். ஆனால் 1 வரை போக முடியாது; ஏறத்தாழ 3000-இல் நின்றுவிடும். டிமக்ஸ் வழக்கமாக 2000 வரிதான் வைத்துக்கொள்ளும். வெளியே வர க்யூ.

அதைக் கூட்ட, வீட்டு அடைவில் (உங்கள் ஹோம் ஃபோல்டர்) 'நானோ .டிமக்ஸ்.கான்ஃப்' என்று நானோ என்ற எழுதும் நிரலில் திறந்து ஒரே ஒரு வரி எழுதுங்கள்:

செட் -ஜி ஹிஸ்டரி-லிமிட் 20000

முதலில் உள்ள புள்ளியை விட்டுவிடாதீர்கள். கன்ட்ரோல் ஓ, என்டர், கன்ட்ரோல் எக்ஸ், சேமித்தாகிவிட்டது.

பலர் தடுமாறும் இடம் இனிதான். ஏற்கெனவே திறந்திருக்கும் சாளரத்துக்கு இந்த மாற்றம் பொருந்தாது. உள்ளே ஓடும் வேலைகளை முடித்துவிட்டு 'டிமக்ஸ் கில்-சர்வர்' கொடுங்கள். எல்லாச் சாளரமும் மூடிவிடும். மீண்டும் டிமக்ஸைத் தொடங்கி அதே சோதனையைச் செய்தால் 1 கண்ணில் படும்.

பத்து லட்சம் என்று போட்டால் என்ன என்று கேட்பார்கள். ஒவ்வொரு சாளரமும் தனித்தனியே வரிகளைச் சேர்க்கும், நிரம்ப நிரம்ப நினைவகத்தைத் தின்னும். பழைய கணினிக்கு 20000 தாராளம்.

கணினி எழும்பும்போது ஓடும் செய்திகள் டிமக்ஸுக்கு முந்தியவை, அதில் கிடைக்காது. சிஸ்டம்டி (கணினி எழும்பும்போது சேவைகளைத் தொடங்கி வைக்கும் நிரல்) உள்ள கணினியில் 'சூடோ ஜர்னல்சிடிஎல் -பி' (இதுவும் ஏ-க்கு அடுத்த பி) கொடுத்தால் அவை பக்கம் பக்கமாக வரும். அங்கேயும் வெளியேற க்யூதான்.