"அந்த ஸ்லைடைத் தூக்கிடு": டாக் ஒத்திகையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மென்பொருள் மாநாட்டில் டாக் (மேடைப் பேச்சு) கொடுக்கப்போகிறவர், கிளம்பும் முன் கீழக்கரையிலோ மண்டபத்திலோ நாலு பேரை உட்காரவைத்து ஒத்திகை பார்ப்பது நல்லதுதான். கெடுவது அதற்கப்புறம் நடக்கும் பேச்சில். எழுத்து சின்னது, குரல் கேட்கவில்லை என்பதையெல்லாம் யாரும் சொல்லிவிடுவார்கள், அவற்றை விட்டுவிடலாம்.

குழம்பிய இடத்தைச் சொல்லாமல் திருத்தத்தை மட்டும் சொல்வது

புதிதாகக் கருத்துச் சொல்ல வருகிறவர்கள் தவறாமல் இதில் விழுகிறார்கள். பார்க்கவே எரிச்சலாக இருக்கிறது.

பாம்பன் மீன் ஏல விலையைக் காட்டும் ஆப் பற்றி 25 நிமிட டாக் என்று வைத்துக்கொள்வோம். பட்டியலில் 'கொடுவா' இருக்கிறது, தேடினால் வரவில்லை. காரணம், 'கொ'வின் உயிர்க்குறியை யூனிகோடில் (கணினியில் எழுத்துகளைக் குறிக்கும் பொதுமுறை) ஒரே குறியாகவும் வைக்கலாம். ஒற்றைக்கொம்பு, கால் என்று இரண்டாகவும் வைக்கலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான், கணினிக்கு வேறு வேறு சொல். பைத்தான் நிரல்மொழியில் சொல்லின் நீளம் கேட்டால் ஒன்றுக்கு 6, மற்றதற்கு 7. இந்த எண்கள் 6வது ஸ்லைடில் வருகின்றன. இரண்டையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவரும், யூனிகோடின் என்எஃப்சி முறை 11வதில்.

"தம்பி, அந்த ஆறாவது ஸ்லைடைத் தூக்கிடு, குழப்புது" என்கிறார் கேட்டவர். தம்பியும் தூக்கிவிடுகிறார். மேடையில் என்எஃப்சி வரும்போது, எந்தக் கோளாறுக்கு இந்த வைத்தியம் என்று அரங்கில் ஒருவருக்கும் தெரியாது.

சொல்லியிருக்க வேண்டியது இது: "எட்டாவது நிமிஷம், ஆறாவது ஸ்லைடு. 6, 7ன்னு ரெண்டு எண் வந்துச்சு. எதுக்கு ரெண்டுன்னு புரியல. அதுக்கப்புறம் நீ சொன்னது எதுவும் காதுல ஏறல."

இதைக் கேட்டால் தம்பிக்கே வழி தெரிந்துவிடும். ஸ்லைடு இருக்கட்டும், இரண்டு வடிவங்களையும் குறி குறியாகப் பிரித்து அடுத்த ஸ்லைடிலேயே காட்டினால் தீர்ந்தது. எந்த ஸ்லைடு எதைத் தாங்கி நிற்கிறது என்பது பேசுகிறவருக்குத் தெரியும். கேட்டவருக்கு உறுதியாகத் தெரிவது, தான் எங்கே விட்டோம் என்பதுதான்.

ஒரு தாளில் மூன்று கட்டம் போட்டுக்கொள்ளுங்கள்: நிமிடம், ஸ்லைடு எண், அப்போது மனதில் ஓடியது. யோசனைகளைப் பின்பக்கம் எழுதுங்கள், கேட்டால் காட்டலாம்.

பதில் சொல்லிக்கொண்டே கேட்பது

இது பேசுகிறவருக்கு. "அது அடுத்த ஸ்லைடுல வருதுண்ணே" என்று ஆரம்பித்தால் எதிரில் இருப்பவர் அடங்கிவிடுவார். எழுதிக்கொள்ளுங்கள், எந்த இடம் என்று மட்டும் கேளுங்கள். மூன்று பேர் மூன்று விதமாகத் திருத்தச் சொல்லி, மூன்றும் 6வது ஸ்லைடையே சுற்றினால் கோளாறு அங்கேதான். மூன்று திருத்தமுமே தவறாகவும் இருக்கலாம்.

வாட்ஸ்அப்பில் பிடிஎஃப் அனுப்பிக் கருத்துக் கேட்பது

அது ஸ்லைடுக்கான கருத்து, டாக்குக்கு அல்ல.

முதல் ஒத்திகையிலேயே ஆங்கில இலக்கணம்

நாளைக்கு நீக்கப்போகும் வாக்கியத்துக்கு எதற்கு அந்த உழைப்பு? முதல் ஒத்திகை பத்து நாள் முன்னால், வரிசைக்காக. மொழியை இரண்டாவதில் பார்க்கலாம். கடைசி ராத்திரிக்குத் தள்ளினால், சென்னை ரயிலில் மடிக்கணினியும் கையுமாக ஸ்லைடை மாற்றிக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

"சூப்பர் தம்பி"

எந்த இடம்?

மேடையிலிருந்து இறங்கியதும் பிடித்துக்கொள்வது

பேசியவரை முதலில் தண்ணீர் குடிக்க விடுங்கள். இதே டாக்கை இன்னொரு இடத்தில் பேசுவாரா என்று கேளுங்கள். இல்லை என்றால் அந்தத் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளலாம்.